மாங்குளத்துச் சிலந்தியும் சுவிஸ் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியும்: டரன்டுலா கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சுவிஸில் வளரும் எமது பிள்ளைகள் செல்லப்பிராணி கேட்பது புதிதல்ல. பூனை, முயல், கினிப்பன்றி என்று தொடங்கிய பட்டியலில் இப்போது சில வீடுகளில் சிலந்தியும் சேர்ந்துவிட்டது. பாடசாலையில் ஜேர்மன் மொழியில் 'ஃபோகல்ஸ்பின்ன', அதாவது பறவைச் சிலந்தி, என்று பிள்ளைகள் படித்துவிட்டு வரும் அந்த மயிரடர்ந்த பெரிய சிலந்தியைத்தான் டரன்டுலா என்கிறார்கள். ஊரில் சிலந்தியைக் கண்டால் தும்புத்தடியைத் தேடிய தலைமுறைக்கு, அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் வைப்பது என்பது விளங்காத ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்கும் பிள்ளை பெரும்பாலும் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. நாலு புத்தகம் படித்து, இருபது காணொளி பார்த்து, இலத்தீன் பெயரோடு வந்து நிற்கும். 'சீ' என்று ஒரு சொல்லில் மறுப்பதற்கும், கேட்ட உடனே வாங்கிக் கொடுப்பதற்கும் இடையில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகின்றோம்.

முதலில் பெயர். பறவைச் சிலந்தி என்ற பெயர் 1705 இல் மரியா சிபில்லா மேரியான் வெளியிட்ட சுரினாம் பூச்சிகள் பற்றிய நூலிலிருந்து வந்தது. மரத்தில் ஒரு பெரிய சிலந்தி சின்னஞ்சிறு தேன்சிட்டொன்றைப் பிடித்து உண்பதாக அவர் வரைந்த படத்தை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நீண்டகாலம் நம்பவேயில்லை. மேரியானின் தந்தை மத்தேயுஸ் மேரியான் பாசல் நகரில் பிறந்தவர். டரன்டுலா என்ற பெயரோ இத்தாலியின் தாரந்தோ நகரிலிருந்து வந்தது. உண்மையில் அது அங்கே வாழும் வேறொரு ஓநாய்ச் சிலந்திக்குரிய பெயர். கடல் கடந்து போனவர்கள் புதிய நிலங்களில் கண்ட பெரிய சிலந்திகளுக்கெல்லாம் அதையே சூட்டிவிட்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் சில எமது மண்ணுக்கே உரியவை. பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

எங்கள் மரங்களில் வாழ்பவை

பொயிசிலோதீரியா என்ற பேரினம் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றது. மண்ணில் குழி தோண்டாமல், முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் உரிந்த பட்டைகளின் அடியிலும் பகலில் ஒளிந்திருந்து இரவில் வேட்டைக்கு வருபவை இவை. சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக மரப்பட்டையில் கோலம் போட்டதுபோல் இருக்கும். முன்கால்களைத் தூக்கினால் அடியில் பளிச்சென்ற மஞ்சள் தெரியும். சிங்களத்தில் இவற்றைச் சிறுத்தைச் சிலந்தி என்ற பொருளில் 'திவி மக்குளு' என்பார்கள். எம்மவர் புலிமுகச் சிலந்தி என்பார்கள்.

2009 இல் மாங்குளத்தில் ஊர்மக்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தி ரணில் நாணயக்கார என்ற ஆய்வாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை பதிவான எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை. போர் அப்போதுதான் முடிந்திருந்த வன்னியில் அவருடைய குழு தேடித் திரிந்தது. பழைய மரப் பொந்துகளில் சில பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் கிடைத்தன. மாங்குளம் வைத்தியசாலையின் வைத்தியர் விடுதியிலும் ஒன்று இருந்தது. கால் விரிப்பில் ஏறத்தாழ 20 செ.மீ., அதாவது ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு. வயிற்றைச் சுற்றி ஓர் இளஞ்சிவப்புப் பட்டை. அந்தத் தேடலில் வழிகாட்டிய மைக்கேல் ராஜகுமார் பூராஜா என்ற பொலிஸ் பரிசோதகரின் பெயரால் அது பொயிசிலோதீரியா ராஜேயி ஆனது. 2013 ஏப்ரலில் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் 'முகத்தின் அளவு சிலந்தி' என்று படத்தோடு வந்தது. செய்தியைப் படித்த உலகுக்கு அது ஒரு பயங்கரம். வன்னியில் காடு வெட்டப்படும் வேகத்தில் மரப்பொந்து இல்லாமல் அது வீட்டுக் கூரைக்கு வந்திருக்கின்றது என்ற செய்தி பின்னால் போய்விட்டது.

இன்னொன்று இராமேஸ்வரத்தில். அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் 2004 இல் பொயிசிலோதீரியா அனுமவிலாசுமிகா என்று பெயரிடப்பட்டது. பிற்பாடு 2015 இல் இதே இனம் மன்னாரிலும் இருப்பதாகப் பதிவானது. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே சிலந்தி. இரண்டு இடத்திலும் மிஞ்சியிருக்கும் மரங்கள் கொஞ்சம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது.

ஆந்திராவின் கூட்டி என்ற ஊரின் இரயில்வே மரக்குவியலில் 1899 இல் கண்டெடுக்கப்பட்ட நீலச் சிலந்தி, பொயிசிலோதீரியா மெற்றாலிகா, இன்று ஐரோப்பியக் கடைகளில் மிகவும் தேடப்படும் சிலந்திகளில் ஒன்று. மயில்நீல நிறம். காட்டில் அது ஆபத்தின் விளிம்பில். ஐரோப்பிய வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றது.

எங்கள் ஊர்ச் சிலந்தி இங்கே கடையில் கிடைக்கும் என்று அறிந்த பிள்ளைக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. 'அம்மாவின் ஊர்ச் சிலந்தி' என்று சொல்லிக்கொள்ள எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இராது? அந்த ஆசையை நாம் மதிக்கின்றோம். ஆனால் முதன்முதல் வளர்ப்பவருக்கு இந்தப் பேரினம் வேண்டாம். இதில் நாம் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யவில்லை.

ஏன் வேண்டாம்

டரன்டுலாக்களை வளர்ப்போர் இரண்டாகப் பிரிப்பார்கள்: அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை புதிய உலகம், ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்தவை பழைய உலகம். அமெரிக்கச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றின் மேல் நுண்ணிய முள் மயிர்கள் உண்டு. பயந்தால் பின்காலால் அவற்றைத் தேய்த்து எதிரியின் மேல் பறக்கவிடும். இந்த ஆயுதம் இருப்பதால் கடிப்பதற்கு அவை அவசரப்படுவதில்லை; நஞ்சும் வலிமை குறைந்தது. எமது பக்கத்துச் சிலந்திகளுக்கு அந்த மயிர் இல்லை. ஆகவே ஓட்டமும் கடியும்தான் அவற்றின் காப்பு. பொயிசிலோதீரியாவின் ஓட்டத்தைக் கண்ணால் பின்தொடர்வதே கடினம். பெட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது, மூடும்போது அலுமாரிக்குப் பின்னால் இருக்கும்.

கடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுவிஸிலேயே ஆய்வு உண்டு. இங்கே பொயிசிலோதீரியா கடித்த ஒருவரின் நிலையை நச்சுத் தகவல் மையத்தைச் சேர்ந்த வைத்தியர்களும் பேர்ண் பல்கலைக்கழகச் சிலந்தி ஆய்வாளர் வொல்ஃப்காங் நென்ற்விக்கும் ஆராய்ந்து 2014 இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதுவரை வெளிவந்த மற்றக் கடிகளின் விபரங்களையும் அதில் திரட்டியிருந்தார்கள். வலி உடனே வரும். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பல மணித்தியாலங்கள் கழித்து, கடித்த இடத்துக்குத் தொடர்பில்லாத கால், முதுகு போன்ற இடங்களிலும் கடும் தசைப்பிடிப்பு வந்திருக்கின்றது. சிலருக்கு அது நாட்கணக்கில் நீடித்தது. உயிர் போனதாக உறுதியான பதிவு இல்லை. என்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அறையில் வைக்கத்தக்க பொருளல்ல இது.

இன்னொரு காரணம் சட்டம். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் உலக மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் அது ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்தது. கொழும்பில் எடுக்கவேண்டிய முடிவு எமது வாசலில் எடுக்கப்பட்டது: பொயிசிலோதீரியாப் பேரினம் முழுவதும் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. இதன் பொருள், நாட்டு எல்லை தாண்டும் ஒவ்வொரு சிலந்திக்கும் பத்திரம் வேண்டும். இலங்கையிலிருந்து காட்டுயிரை அனுமதியின்றி வெளியே கொண்டு வருவது அங்கும் குற்றம், இங்கும் குற்றம். விடுமுறைக்குப் போனவர்கள் ஊர் ஞாபகமாகப் போத்தலில் போட்டுக் கொண்டு வந்தாலும் சூரிச் விமான நிலையச் சுங்கத்துக்கு அது கடத்தல்தான்.

எதை வாங்கலாம்

தரையில் வாழும், மெதுவாக நடக்கும், வறட்சியையும் சிறு தவறுகளையும் தாங்கும் அமெரிக்க இனங்களே தொடக்கத்துக்கு ஏற்றவை. நாம் முதலிடம் கொடுப்பது மத்திய அமெரிக்காவின் சுருள்மயிர்ச் சிலந்திக்கு. தவிட்டு நிற உடலில் பொன்னிறச் சுருள் மயிர். அமைதியானது, நன்றாகச் சாப்பிடும். இதன் அறிவியற் பெயர் பிறாக்கிபெல்மா அல்போபிலோசம் என்று இருந்தது, இப்போது திலில்டோகாட்டில் அல்போபிலோசஸ். கடைகளில் இரண்டு பெயரும் புழங்கும். அடுத்தது பிரேசில் நாட்டுக் கறுப்புச் சிலந்தி, கிரமோஸ்டோலா புல்க்ரா; கறுப்பு வெல்வெற் துணி போன்றது, வளர்வது மிக மெதுவாக. மெக்சிக்கோவின் செம்முழங்கால் சிலந்தியைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். அது அழகுதான், ஆனால் மயிர் பறக்கவிடுவதில் கொஞ்சம் தாராளம். சிலி நாட்டு ரோசா மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்து பெற்றோரைப் பதறவைக்கும்; வேறு குறையில்லை.

பெயர் விடயத்தில் கவனம் வேண்டும். கடைப்பெயர்கள் ஆளுக்கொன்றாக இருக்கும். அறிவியற் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உலகச் சிலந்திகள் அனைத்தினதும் பெயர்ப் பதிவேட்டைப் பராமரிப்பது பேர்ண் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்தான் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் அந்தப் பதிவேடு ஐம்பதாயிரமாவது இனத்தைத் தொட்டது. இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளையை இருத்தி, வாங்கப்போகும் பெயர் இப்போதும் செல்லுபடியாகின்றதா, அந்த இனம் எந்த நாட்டுக்குரியது என்று தேடச் சொல்லுங்கள். அதற்குப் பொறுமை இல்லாத பிள்ளைக்குச் சிலந்தி வளர்க்கவும் பொறுமை இராது.

காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். வளர்ப்பில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள். மெக்சிக்கோச் செம்முழங்கால்களும் சைட்டஸ் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அது சட்டப்படி வந்தது என்று காட்டக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது சுவிஸ் சட்டம். ஆகவே பற்றுச்சீட்டிலும் விற்றவர் தரும் பிறப்பிடச் சான்றிலும் அறிவியற் பெயர் இருக்க வேண்டும்; சிலந்தி சாகும் வரை அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி லோராக்கிலும் கொன்ஸ்தான்சிலும் இறைச்சியும் சவர்க்காரமும் வாங்கி வரும் பழக்கத்தில் சிலந்தியையும் வாங்கி வந்துவிடக் கூடாது. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பட்டியலில் உள்ள இனத்துக்கு அந்தப் பத்து நிமிடப் பயணமும் சர்வதேச வர்த்தகமே. சந்தேகம் இருந்தால் பேர்ணிலுள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் கால்நடைக்கான சமஷ்டி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். உள்நாட்டில் வளர்ப்பவரிடம் வாங்குவது எல்லாவற்றிலும் சுலபம்.

ஆணா பெண்ணா என்பது சின்ன விடயமில்லை. பெண் சிலந்தி இருபது ஆண்டுக்கு மேல் வாழும். ஆண் பல இனங்களில் ஐந்து முதல் எட்டு ஆண்டுக்குள் முதிர்ந்து, அதன்பின் ஓராண்டு அளவில் இறந்துவிடும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பெண் சிலந்தி வாங்கினால், அந்தப் பிள்ளை தொழிற்பயிற்சி முடித்து, கலியாணம் முடித்து, சிலவேளை தனது பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும்போதும் சிலந்தி உயிரோடு இருக்கும். இடையில் பிள்ளை லவுசானுக்குப் படிக்கப் போனால் பார்க்கப்போவது யார்? அம்மாதான். அம்மாவுக்குச் சம்மதமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. சிலந்தியை அவ்வளவு காலம் வைத்திருக்க முடியாது என்று தோன்றினால் ஆண் ஒன்றை வேண்டுமென்றே தேர்வதிலும் தவறில்லை.

நகத்தளவுக் குஞ்சுகள் மலிவு. ஆனால் அவை எளிதில் காய்ந்து இறந்துவிடும். நாலைந்து செ.மீ. வளர்ந்த இளம் சிலந்தியே தொடக்கத்துக்கு நல்லது.

பெட்டியும் தண்ணீரும்

சிலந்தியின் கால் எப்படி நீள்கின்றது என்று விளங்கிக்கொண்டால் பராமரிப்பில் பாதி விளங்கிவிடும். அதன் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடலிலுள்ள திரவத்தை அழுத்தி அனுப்பித்தான் காலை நீட்டுகின்றது, மண்வெட்டும் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வதுபோல. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால்கள் உள்ளே மடங்கும், அப்படியே இறக்கும். அதேபோல உயரத்திலிருந்து விழுந்து வயிறு வெடித்தால் திரவம் வெளியேறி அதோடு முடிந்தது. ஆகவே இரண்டு விடயங்கள் எல்லாவற்றுக்கும் மேல்: எப்போதும் தண்ணீர், எப்போதும் தாழ்வான கூரை.

வளர்ந்த தரைச் சிலந்திக்கு 30 செ.மீ. நீள அகலமுள்ள பெட்டி போதும். பெரிய பெட்டி வாங்குவது அன்பின் அடையாளமல்ல. அதற்கு உலாவும் ஆசை இல்லை. மண் நிரப்பியபின், மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள உயரம் சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. மீன் தொட்டியை அப்படியே பாவிப்பவர்கள் மண்ணை நிறையப் போட வேண்டும். மண் என்றால் தும்புத்தூள் அல்லது உரமும் மருந்தும் கலக்காத தோட்ட மண். பத்துச் செ.மீ. ஆழமாவது இருந்தால் குழி தோண்டும். ஒளிவதற்கு ஒரு மரப்பட்டைத் துண்டு அல்லது பாதியாக உடைத்த சிரட்டை. சிரட்டை எமது வீடுகளில் இல்லாத நாளா? தட்டையான சிறு கிண்ணத்தில் தண்ணீர். பஞ்சு போடத் தேவையில்லை, போட்டால் பூஞ்சணம்தான். மூடி இறுக்கமாகப் பூட்ட வேண்டும், காற்றுத் துளைகள் பக்கங்களில் இருக்க வேண்டும். கம்பி வலை மூடி வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும்.

சூடு பற்றிப் பலர் குழம்புகிறார்கள். வெப்பநாட்டுப் பிராணி, சுவிஸ் குளிர், ஆகவே சூடேற்றும் விரிப்பு வேண்டும் என்று கடைக்காரரும் சொல்வார். நாம் சொன்ன இனங்களுக்கு, 20 முதல் 24 பாகை வரை இருக்கும் சாதாரண வீட்டு அறையே போதும். பெட்டியின் அடியில் விரிப்பு வைப்பது கேடு. சிலந்தி வெப்பத்திலிருந்து தப்ப மண்ணுக்குள்தான் இறங்கும், அங்கேதான் அடுப்பு. காய்ந்து இறந்தவை பல இப்படித்தான். யன்னலோர வெயிலும் இதே விளைவுதான். இங்கே உண்மையான பிரச்சினை மாரிகாலத்தில் வெப்பமூட்டியால் வீட்டுக் காற்று காய்வது. கிண்ணத்தில் தண்ணீர் குறைகின்றதா என்று பார்ப்பதும், சுருள்மயிர்ச் சிலந்திக்கு மண்ணின் ஒரு மூலையை இடைக்கிடை நனைப்பதும் போதும். முழு மண்ணையும் சதுப்பாக்கினால் பூஞ்சணமும் சிற்றுண்ணியும் வரும்.

ஒரு பெட்டிக்கு ஒன்று. கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக்கூடாது என்று 2008 முதல் சுவிஸ் விதி இருக்கின்றது, அது தெரிந்த பிள்ளை சிலந்திக்கும் துணை கேட்கும். துணையை அது தின்றுவிடும்.

தீனும் தோலுரிப்பும்

தீன் என்பது உயிருள்ள பூச்சி. விலங்குக் கடைகளில் 'ஹைம்ஷென்' எனப்படும் வீட்டுச் சில்வண்டுகள் சிறு பெட்டிகளில் விற்கப்படும். 2017 மே முதல் இதே இனத்தை மனிதர் உண்ணவும் சுவிஸ் அனுமதித்திருக்கின்றது என்பது வேறு கதை. வளர்ந்த சிலந்திக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை ஒன்றிரண்டு போதும். இளையவற்றுக்குக் கிழமைக்கு ஒருமுறை. பூச்சி சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் மருந்து இருக்கலாம். உண்ணாத பூச்சியை மறுநாள் எடுத்துவிடுங்கள். தப்பிய சில்வண்டு இரவு முழுக்கப் பாடும். பத்து மணிக்குமேல் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்துக்கே முறைப்பாடு வரும் மாடிக்குடியிருப்பில் அது சிலந்தியைவிடப் பெரிய தொல்லை.

ஒரு நாள் சிலந்தி சாப்பிடாது. அடுத்த கிழமையும் சாப்பிடாது. வயிறு பளபளத்துக் கறுக்கும், அசையாமல் இருக்கும். பிறகு ஒரு காலை பார்த்தால் மல்லாந்து, எட்டுக் கால்களையும் மேலே விரித்தபடி கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிந்தவர்கள் உண்டு. அது செத்ததல்ல, பாம்பு செட்டை கழற்றுவதுபோலத் தோலுரிக்கின்றது. சிலந்தியின் வாழ்வில் மிக ஆபத்தான மணித்தியாலங்கள் இவை. தொடக்கூடாது, ஊதக்கூடாது, நேரே நிமிர்த்திவிடக்கூடாது, பெட்டியை நகர்த்தவும் கூடாது. சில மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை எடுக்கும். பழைய தோலிலிருந்து கால்களையும், நச்சுப்பற்களின் உறையையும், வயிற்றின் உள்ளுறையின் ஒரு பகுதியையும்கூட உருவி எடுத்துக்கொண்டு வெளியே வரும். இழந்த காலொன்று இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் முளைக்கும். உண்மையில் செத்த சிலந்தி மல்லாந்து விரிந்து கிடப்பதில்லை. நேராக இருந்தபடியே கால்களை உடலின் கீழ் முடங்கிக் கிடக்கும். கால்கள் அப்படி மடங்கத் தொடங்கியதைக் கண்டால் உடனே தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே, வாய் நீரில் படும்படி மெல்ல வையுங்கள். நீரிழப்பு மட்டும் என்றால் சில வேளை மீளும்.

தோலுரிந்த சிலந்தி புது மெழுகுபோல் மென்மையாக இருக்கும். நச்சுப்பல் வெள்ளையாக இருந்து, சிவந்து, கறுக்கும். கறுக்கும் வரை, ஒன்றிரண்டு கிழமை, தீன் போடக்கூடாது. அந்த நேரத்தில் பெட்டியில் விடப்பட்ட சில்வண்டு சிலந்தியையே கடித்துத் தின்றுவிடும். உரிந்த தோலை எறியாதீர்கள். கவனமாக விரித்துக் காயவைத்தால் முழுச் சிலந்தி போலவே இருக்கும், வகுப்பில் காட்டலாம். அனுபவமுள்ளவர் அந்தத் தோலின் வயிற்றுப் பகுதியை உருப்பெருக்கியில் பார்த்து ஆண் பெண் சொல்லிவிடுவார்.

கை, கண், 145

சிலந்தியைக் கையில் ஏந்தும் படங்களைப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருப்பார்கள். அது சிலந்திக்குப் பயன் இல்லாத வேலை. அதற்கு எம்மைத் தெரியாது, பழகாது, தடவினால் மகிழாது. எமது கை அதற்கு அசையும் நிலம் மட்டுமே. பயந்து குதித்தால் வயிறு வெடிக்கும். பெட்டிக்குள் வேலை இருந்தால் ஒரு கிண்ணத்தால் சிலந்தியை மூடிவிட்டு, நீண்ட இடுக்கியால் செய்யுங்கள்.

மயிர் விடயத்தில் கண்ணே முக்கியம். முகத்தைப் பெட்டிக்குள் நீட்டக்கூடாது. மண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக்கூடாது. அந்த மயிர்களுக்குக் கொளுவி உண்டு, கண்மணியில் ஏறினால் தானாக வெளியே வராது. கண்ணைத் தண்ணீரால் கழுவிவிட்டுக் கண் வைத்தியரிடம் போக வேண்டும். தோலில் பட்டால் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துக் கழுவலாம். அரிப்பு சில நாள் இருக்கும். தொய்வு வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் மயிர் பறக்கவிடும் இனமே வேண்டாம் என்பது எமது கருத்து. கடித்தால் 145 என்ற இலக்கத்தை அழையுங்கள். சூரிச்சில் இயங்கும் நச்சுத் தகவல் மையம் அது, நாள் முழுவதும் திறந்திருக்கும். மூச்சு முட்டினால் 144. எந்த இனம் என்று உடனே சொல்லக்கூடியதாக, அறிவியற் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டு நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஹம்ஸ்ரர் போன்ற சிறு பிராணிக்கு வழமையாகக் கேட்கத் தேவையில்லை என்றாலும், நச்சுப் பிராணி என்ற சொல் வந்தாலே கீழ்வீட்டாரின் முகம் மாறும். கையில் கடிதம் இருப்பது நல்லது. சுவிஸ் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றையும், கணவாய், நண்டு வகைகளையும்தான் காக்கின்றது. சிலந்திக்கு இத்தனை செ.மீ. பெட்டி வேண்டும் என்று எந்த அலுவலரும் வந்து அளக்கமாட்டார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தப் பிராணிக்குத் தங்குமிடம் தேட வேண்டியதில்லை. நன்றாக உண்ட வளர்ந்த சிலந்தி ஐந்து கிழமை பட்டினி கிடப்பது அதற்குச் சாதாரணம். கிழமைக்கு ஒருமுறை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தால் போதும். மூடியில் ஒரு சிறு துளையிட்டு மருந்தேற்றும் ஊசிக்குழாயால் ஊற்றலாம் என்று முன்பே காட்டிக் கொடுங்கள், திறக்கவே தேவை வராது. அப்படி ஊருக்குப் போகும் பிள்ளை மாங்குளம் பக்கம் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால், இருட்டியபின் பெரியவர் ஒருவரோடு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு பழைய மரங்களின் பொந்துகளைத் தூர நின்று பார்க்கட்டும். பார்ப்பதற்குச் சைட்டஸ் பத்திரம் தேவையில்லை.